மலைச் சைக்கிளுக்கு டியூப் இல்லாத டயர் தேவையா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரு கியர் சைக்கிளாவது இருக்கிறது. ஒரு காலத்தில் சைக்கிள்களின் ஊர் என்று பெயர் வாங்கிய புனேயில் வளரும் பிள்ளைகள். அந்த ஆசை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஞாயிறு விடியுமுன்பே எழுந்து சிங்ககட் அடிவாரத்துக்கும் வேதாள் டேக்டிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அண்மைக் காலமாக இந்த வீடுகளில் ஒரே கோரிக்கை: "டயரை டியூப்லெஸ்ஸாக மாற்ற வேண்டும், அப்பா!" மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் அப்பாமார்கள் என்னிடம் வந்து, "சார், நீங்கள் ரயில்வேயில் சக்கரத்தோடேயே இருந்தவர். இது அவசியம்தானா?" என்று கேட்கிறார்கள்.

ரயில் சக்கரத்துக்கு டியூபும் இல்லை, காற்றும் இல்லை. எங்கள் பாஷையில் டயர் என்றால் எஃகு வளையம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கருமான் இரும்புப் பட்டையைச் சுட வைத்து மாட்டுவது போலவே அதையும் சூடாக்கி விரிய வைத்து மாட்டுவார்கள். ஆறும்போது இறுகிப் பிடித்துக் கொள்ளும். பிறகு வந்த முழு வார்ப்புச் சக்கரங்களில் அதுவும் போய்விட்டது. ஆனாலும் காற்றழுத்தமும் கசிவும் எங்களுக்குப் புதிதல்ல. ரயில் பெட்டிகளின் ஏர் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். அது எங்கே கசிகிறது என்று தேடுவதிலேயே என் பாதி உத்தியோகம் கழிந்தது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தவிர, நானே இரண்டு சக்கரங்களை இப்படி மாற்றி, கையெல்லாம் பிசினாக்கிக்கொண்டு, நான்கு கோடைகளைப் பார்த்தாயிற்று.

முதலில் டியூப் விஷயம். ஸ்காட்லாந்துக்காரர் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று நிரம்பிய டயரைச் செய்தது 1887-88-இல். அவருக்கு முன்பே 1845-இல் தாம்ஸன் என்பவர் இதே யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார். அந்நாளில் சைக்கிள் இந்த வடிவத்தில் இல்லாததால் அது எடுபடவில்லை. அன்று முதல் நாம் அறிந்த ஏற்பாடு இதுதான்: உள்ளே காற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு டியூப், வெளியே அடி வாங்கிக்கொள்ள ஒரு டயர். ஊரில் சைக்கிள் கடைக்காரர் டியூபை உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவாரே, அதைப் பார்த்து நிற்காத பிள்ளைகள் நம் தலைமுறையில் கிடையாது.

கார்களில் இந்த டியூப் போய்ப் பல காலம் ஆயிற்று. அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி 1940-களில் செய்த டியூப் இல்லாத டயருக்கு 1952-இல் பேட்டன்ட் கிடைத்தது. இன்று நம் வீட்டு ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் அதுதான். ஆணி ஏறினால் கடைக்காரர் பிசின் தடவிய ரப்பர்த் திரியை ஓட்டையில் செருகி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். இதைப் பார்த்துப் பழகியதால், சைக்கிளிலும் அப்படித்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

ஸ்கூட்டர் டயர் தடித்தது. அதன் உட்பக்கத்தில் காற்றை விடாத ரப்பர்ப் படலம் ஒன்று சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். ரிம்மிலும் கம்பி ஓட்டைகள் இல்லை. சைக்கிள் டயரோ, காலால் மிதிக்கிறவன் இழுக்க வேண்டும் என்பதால் மெல்லியதாக நெய்யப்பட்டது. காற்று மெதுவாக ஊறி வெளியேறும். ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பிக்கு முப்பது சொச்சம் ஓட்டைகள். கம்பிச் சக்கரம் போட்ட மோட்டார் சைக்கிள்களில் இன்னும் டியூப் இருப்பதற்குக் காரணமே அந்த ஓட்டைகள்தான். ஆகவே சைக்கிளில் டியூபை எடுக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். ரிம்மின் உட்புறம் முழுவதும் காற்றுப் புகாத டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். அடியில் ரப்பர்க் குமிழ் உள்ள தனி வால்வு பொருத்த வேண்டும். டயருக்குள் அறுபது முதல் நூற்றிருபது மில்லி வரை 'சீலன்ட்' என்ற வெள்ளைத் திரவத்தை ஊற்ற வேண்டும்.

அந்தத் திரவம் வேறொன்றுமில்லை. பெரும்பாலும் ரப்பர்ப் பால்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த நம் அங்கத்தினர்களுக்கு விளக்கவே வேண்டாம். மரத்தைக் கீறிச் சிரட்டையில் பிடிக்கும் பால் வெளிக்காற்றில் தானாகவே திரியத் தொடங்கும்; திரியாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். சீலன்டில் அந்தப் பாலோடு சீக்கிரம் உலராமலிருக்கச் சில சரக்கும், மிக நுண்ணிய துகள்களும் கலந்திருக்கும். சக்கரம் சுற்றும்போது இது உட்புறமெங்கும் பூசிக்கொண்டே இருக்கும். முள் குத்தினால் காற்று வெளியே பாயும். கூடவே திரவமும் பாயும். துகள்கள் ஓட்டையில் சிக்கிக்கொள்ள, பால் அங்கேயே உறைந்து அடைத்துவிடும். விரலில் கீறல் பட்டால் ரத்தம் உறைகிற மாதிரி. மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஓட்டைவரை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமலே கூட அடைபட்டுவிடும். வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தால் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சைக்கிளின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரீன் பகுதியில், டமல்பைஸ் மலைச் சாரலில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண் பாதையில் சறுக்கிக் கீழே வருவார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களின் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பின் சக்கரப் பிரேக் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். ஆக்ஸில் பாக்ஸுக்கு கிரீஸ் அடைத்த என் போன்றவர்களுக்கு இதைப் படித்ததும் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். டியூப் இல்லாத டயர் இந்தச் சைக்கிளுக்கு முறைப்படி வந்தது 1999-இல். பிரான்ஸ் தேசத்து மாவிக், மிஷலின், ஹட்சின்ஸன் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது அளவை நிர்ணயித்தன. திரவம் ஊற்றும் முறை அதற்குப் பிறகு பரவியது.

அமெரிக்க வறண்ட பிரதேசங்களில் இதை எல்லோரும் விரும்பி ஏற்றதற்கு முக்கியக் காரணம் ஒரு முள். அங்கே அதை 'ஆட்டுத்தலை' என்கிறார்கள். படத்தைப் பார்த்தேன், நம் நெருஞ்சி! வள்ளுவர் அனிச்சத்தோடு சேர்த்துச் சொன்ன அதே நெருஞ்சிதான், அங்கே போய்க் குடியேறி, சைக்கிள்காரர்களை அழ வைக்கிறது. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும்படி அந்தக் காயை இயற்கை செய்திருக்கிறது. இங்கே தக்காணத்துப் பாதைகளில் நெருஞ்சியோடு கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கிறது. மழைக்கால ஈரத்தில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் ரப்பரில் இன்னும் சுலபமாக இறங்கும். டேக்டி மேல் ஒரு காலையில் மூன்று பஞ்சர் பார்த்த பையன் டியூப்லெஸ் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன்.

இரண்டாவது நியாயம் காற்றழுத்தம். கல்லிலோ படி விளிம்பிலோ சக்கரம் வேகமாக மோதும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் அகப்பட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பார்ப்பதற்குப் பாம்பு கொத்தின மாதிரி இருக்கும். இதைத் தவிர்க்க டியூப் உள்ளவர்கள் 35 பவுண்டு காற்றாவது வைக்க வேண்டியிருக்கிறது. டியூபே இல்லையென்றால் நசுங்க எதுவுமில்லை; 25 பவுண்டில் ஓட்டலாம்.

அதனால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, அதில் பின் சக்கரத்தின் மேல் 48 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.46 கிலோ. பளுவை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 19.5 சதுர சென்டிமீட்டர். 25 பவுண்டில் அதுவே 27 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல் பிடி! சரளைக்கல் சரிவில் பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் உயிர் காக்கும் வித்தியாசம்.

காற்றுக் குறைந்தால் மிதிப்பது கனக்குமே என்று கேட்பீர்கள். தார் ரோட்டில் வாஸ்தவம். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடுவது விரல் நகம் அளவு இடத்தில்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கான டன்னை ஓர் இன்ஜின் இழுக்கிறது. ஆனால் அதற்கு வழவழப்பான தண்டவாளம் வேண்டும். கரடுமுரடான பாதையில் கடினமான டயர் ஒவ்வொரு கல்லுக்கும் ஆளையே மேலே தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கும் வேலையெல்லாம் மிதிப்பவன் காலிலிருந்து போகிறது. தளர்ந்த டயர் கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. மலைப் பாதையில் மெத்தென்ற டயர்தான் வேகமானது.

எடை குறையும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டியூப் ஒன்று இருநூறு கிராம் அளவில் இருக்கும். அதை எடுத்துவிட்டு நூறு கிராம் திரவம், டேப், வால்வு எல்லாம் சேர்க்கிறோம். இதற்கான டயரும் சற்றுத் தடிமன். கூட்டிக் கழித்தால் மிச்சம் சொற்பம்.

இனி மறுபக்கம்.

டியூப்லெஸ் பஞ்சர் வேலையை ஒழிப்பதில்லை. வழியில் செய்த வேலையை வீட்டுக்கு மாற்றுகிறது. ரயில்வேயில் இதற்கு இரண்டு தனித்தனிப் பெயர் உண்டு. நடுவழியில் நின்ற வண்டியைப் பார்க்கப் போவது பிரேக்டவுன் வேலை. நன்றாக ஓடும் பெட்டியையே காலக்கெடுப்படி ஒர்க் ஷாப்புக்கு அனுப்பிப் பிரித்துப் பார்ப்பது பி.ஓ.எச். டியூப் போட்ட சைக்கிள் முதல் ரகம், கெட்டால் பார்த்துக்கொள்ளலாம். டியூப்லெஸ் இரண்டாம் ரகம். நாள் தவறாமல் பார்க்காவிட்டால் அது டியூபைவிட மோசம்.

ஏனென்றால் அந்தப் பால் உலர்ந்துபோகும். குளிர் தேசங்களில் ஆறு மாதம் தாங்கும் என்பார்கள். நம் மார்ச், ஏப்ரல் வெயிலில், மேற்குப் பார்த்த பால்கனியில் நிற்கும் சைக்கிளில், இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வால்வின் உள் ஊசியைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டு ஈரம் பார்த்து, தேவைக்கு ஊற்ற வேண்டும். சைக்கிளை ஆட்டினால் களக் களக்கென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே திரவம் இல்லை, ஏடுதான் இருக்கிறது என்று அர்த்தம். முள் குத்தும் அன்றுதான் அது தெரியவரும். வாரா வாரம் காற்றும் பார்க்க வேண்டும்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறோம். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். சைக்கிள் ஒரே நிலையில் நிற்கும். பால் முழுதும் டயரின் அடியில் தேங்கி அங்கேயே உறையும். காற்று ஊறி இறங்கி, டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவிவிடும். திரும்பி வந்து கைப்பம்பால் அடித்தால், அடிக்கிற காற்றெல்லாம் இடுக்கு வழியாகவே போய்க்கொண்டிருக்கும். டியூப் போட்ட சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடித்தால் நிற்கும்.

அப்படி நழுவிய டயரை மறுபடி உட்கார வைக்கக் காற்று ஒரே வீச்சில் பாய வேண்டும். ஸ்கூட்டர் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் உதவும். ஆனால் இந்தச் சைக்கிள்களில் பலவற்றில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடையின் வாய் அதற்குப் பொருந்தாது. சுண்டு விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறது, அதைச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்துக்கொள்வது நல்லது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் சுலபமாக ஏறும். ஏறும்போது டக், டக்கென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

வீட்டு அம்மாக்கள் சார்பில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பால் துணியில் பட்டு உலர்ந்தால் போகாது. பலாப் பிசினுக்காவது எண்ணெய் இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை. ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள்; கையுறை போட்டுச் செய்வதே மேல்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு, ஆசையாகத் தன் சைக்கிளை ஒரு கடையில் டியூப்லெஸ்ஸாக மாற்றிக்கொண்டான். சைக்கிள் விலை மலிவான ரகம். கடைக்காரர் ரிம்மில் ஏதோ டேப்பைச் சுற்றி, இருந்த பழைய டயருக்குள்ளேயே பாலை ஊற்றி, காற்றடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. சிங்ககட் இறக்கத்தில், ஒரு வளைவில் சாய்ந்து திரும்பும்போது முன் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகி, காற்று ஒரே நொடியில் போய்விட்டது. பையன் விழுந்து வலது காறை எலும்பு முறிந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆறு வாரம் கை தொட்டிலில் இருந்தது. நல்லவேளை, எதிரே வண்டி வரவில்லை.

அவன் தகப்பனார் அந்தச் சக்கரத்தை என்னிடம் கொண்டுவந்தார். காற்றில்லாத டயரைக் கட்டை விரலால் தள்ளினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே சரிந்தது. காரணம் எளிது. டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைப் பிடிப்பது டியூபின் வேலை. டயரின் விளிம்பு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பாதகமில்லை. டியூப் இல்லாததில் அந்த விளிம்புதான் மூடி. அதற்கென்று செய்த ரிம்மில் விளிம்பு உட்கார ஒரு தட்டும், அது நழுவாமல் தடுக்க ஒரு சிறு மேடும் இருக்கும். டயரின் விளிம்பும் அந்த அளவுக்குக் கச்சிதமாக இறுகும். இரண்டிலும் 'டியூப்லெஸ் ரெடி' என்று எழுதியிருக்கும். மலிவான சைக்கிள்களின் ரிம்மில் இந்தத் தட்டும் இல்லை, மேடும் இல்லை. அதில் எந்த டேப்பைச் சுற்றினாலும் அது டியூப்லெஸ் ஆகாது. சரியான சக்கரத்திலும்கூட, காற்றை மிகவும் குறைத்துவிட்டு வளைவில் வேகமாகச் சாய்ந்தால் விளிம்பு ஒரு கணம் விலகிக் 'குபுக்'கென்று காற்றைக் கக்கும். போர் காட் மலையில் 37-க்கு 1 சரிவில் இறங்கும் ரயில்கள் பிரேக் சோதனைக்கென்றே நின்றுதான் இறங்குகின்றன. பையன்களும் இறங்குமுன் ஒரு நிமிடம் நின்று டயரை அமுக்கிப் பார்க்கட்டும்.

ஆகவே என்னிடம் கேட்கும் அப்பாமார்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை பள்ளிக்கும் டியூஷனுக்கும், எப்போதாவது ஞாயிறன்று தார் ரோட்டிலும் ஓட்டுகிறான் என்றால் டியூபே போதும். டியூப்லெஸ் டயர் ஒன்றின் விலையில் சாதா டயர் இரண்டு மூன்று வாங்கலாம், பஞ்சர் ஒட்டவும் தெரு முனையில் ஆள் உண்டு. வாரந்தோறும் முள் பாதையில் ஏறுகிறவன், ரிம்மும் டயரும் அதற்கென்றே உள்ளவை, மாதம் ஒருமுறை கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயங்காதவன் என்றால் தாராளமாக மாற்றிக் கொடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பிள்ளைக்குப் பதிலாக அப்பா பராமரிக்க வேண்டிய நிலைமை என்றாலும் வேண்டாம். அது ஆறு மாதத்தில் நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

காற்றளவு, அறுபத்தைந்து எழுபது கிலோ எடையுள்ளவனுக்கு, 2.2 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 25 பவுண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு பவுண்டு கூட்ட வேண்டும். மே மாதம் ஊருக்குக் கிளம்புமுன் காற்றை நிறைய அடித்து, சைக்கிளை வெயில் படாத இடத்தில் தரையில் படாமல் தொங்கவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் இன்னும் விசேஷம்.

டியூப்லெஸ்ஸாக மாற்றிய பிறகும் பையில் ஒரு டியூப், டயர் லீவர், கைப்பம்ப், செருகும் திரி நான்கைந்து எப்போதும் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் கல் கிழித்துவிட்டால் பாலும் திரியும் கைகொடுக்காது; உட்புறம் ஒரு கனத்த துணியை மடித்து வைத்து, வால்வைக் கழற்றிவிட்டு, டியூபைப் போட்டுத்தான் வீடு வர வேண்டும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பல மாதம் முள் பாதையில் ஓடிய டயரின் உட்புறத்தில், பால் அடைத்துவிட்ட முட்களின் நுனிகள் பத்திருபது நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் பத்தடி போவதற்குள் அதுவும் பஞ்சர். உட்புறம் முழுவதும் ஒரு துணியை வைத்துத் தடவிப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவுகிறவர்களுக்கு நெருஞ்சி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும்.